ரப்பர் கொட்டையும் பாடம் சொல்லும்!

பிள்ளைக்கு ஒரு நல்ல விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுக்க முடியவில்லையே என்று மனம் வருந்தும் தாய்மார்கள் தோட்டத்தில் நிறைய உண்டு. “பட்டணத்துப் பிள்ளைங்களுக்கு எல்லாம் கிடைக்குது. நம்ம பிள்ளைங்க மண்ணுலயும் இலையிலயும் புரண்டுக்கிட்டு கிடக்குதுங்க” என்று பெருமூச்சு விடுகிறார்கள். மண்ணிலும் இலையிலும் விளையாடுவது ஒரு குறையா? இந்த வாரம் அதைப் பற்றிப் பேசுவோம். பேச்சை நம் தோட்டத்தில் தொடங்காமல், சிங்கப்பூரில் உள்ள தெம்பனிஸ் என்ற அடுக்குமாடி நகரத்தில் தொடங்குகிறோம். மண்ணும் இலையும் குறைந்த இடத்தில்தான் அவற்றின் அருமை தெரிகிறது.

மரத்தின் பெயர் கொண்ட ஊர்

தெம்பனிஸ், சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில் இருக்கிறது. இரும்பு போல் உறுதியான ‘தெம்பினிஸ்’ மரம் அங்கே நிறைய வளர்ந்ததால் அந்தப் பெயர் வந்தது. ஒரு காலத்தில் காடும் சதுப்பும் மணல் தோண்டிய பள்ளங்களுமாகக் கிடந்த இடம். 1970களின் பிற்பகுதியில் அங்கே புதுநகர் கட்டும் வேலை தொடங்கியது. 1992-ல் அந்த நகருக்கு உலகக் குடியிருப்பு விருதும் கிடைத்தது. இன்று இரண்டரை லட்சம் பேருக்கு மேல் அங்கே வாழ்கிறார்கள். ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்து, அக்கரைக்கு வேலைக்குப் போய், அங்கேயே குடும்பமாகிவிட்டவர்களும் அவர்களில் உண்டு.

பத்தாவது மாடியில் பிறந்து வளரும் பிள்ளை மண்ணை எங்கே பார்ப்பது? அதற்காக அங்கே பணமும் இடமும் ஒதுக்கித் திட்டம் போட்டிருக்கிறார்கள். தெம்பனிஸிலேயே 2011-ல் ‘ஈக்கோ கிரீன்’ என்ற பூங்காவைத் திறந்தார்கள். சுமார் 90 ஏக்கர். பாதைக்குக்கூடத் தார் போடாமல் புல்லை விட்டிருக்கிறார்கள். பறவையை மறைந்திருந்து பார்க்க இடம் கட்டியிருக்கிறார்கள். 2017-ல் திறந்த ‘நம் தெம்பனிஸ் நடுவம்’ என்ற பெரிய கட்டடத்தின் மேல்தளத்தில் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார்கள். குடியிருப்பு மக்கள் சேர்ந்து தோட்டம் போடும் திட்டம் 2005 முதல் நாடு முழுக்க நடக்கிறது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் பிள்ளைகளுக்கென்றே 2007-ல் ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டத்தைத் திறந்தார்கள். கூடப் பிள்ளை இல்லாமல் பெரியவர்கள் அங்கே நுழைய முடியாது!

அந்தத் தாவரவியல் பூங்காவுக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. 1877-ல் ரப்பர் நாற்றுகள் அங்கேதான் வந்து இறங்கின. 1888-ல் பொறுப்புக்கு வந்த ரிட்லி என்ற வெள்ளைக்காரர், மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையை அங்கேதான் வகுத்தார். சட்டைப் பையில் ரப்பர் கொட்டையைப் போட்டுக்கொண்டு, பார்க்கும் தோட்ட முதலாளிகளிடமெல்லாம் ‘நட்டுப் பாருங்கள்’ என்று கொடுப்பாராம். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்து நிரை பிடித்ததற்கு அந்தக் கொட்டையும் ஒரு காரணம்.

தெம்பனிஸில் ஒரு பாட்டி

அண்மையில் தெம்பனிஸ் போயிருந்தபோது ஒரு குடும்பத்தைப் பார்த்தோம். வீட்டுப் பாட்டி ஜொகூரில் பல வருஷம் பால்மரம் வெட்டியவர். மகனோடு இப்போது அடுக்குமாடியில் இருக்கிறார். வாசல் நடைபாதை ஓரமாகத் தொட்டிகளில் துளசி, கறிவேப்பிலை, பாண்டான், சங்குப்பூ வளர்க்கிறார். நான்கு வயதுப் பேரன் தினமும் ஒரு தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறான். உதிர்ந்த இலையைப் பொறுக்கித் தாளில் ஒட்டுகிறான். ஒவ்வொன்றுக்கும் பாட்டி பெயர் சொல்கிறார், அவன் திருப்பிச் சொல்கிறான். சாயங்காலம் பூங்காவுக்குப் போய்ப் பார்த்த பறவையை வந்து படம் போடுகிறான். பூங்காவில் பார்க்கலாம், பறிக்கக் கூடாது. பறித்தால் அபராதம் உண்டு.

“தம்பி, தோட்டத்துல இருந்தப்ப இந்த இலை, கொட்டை எல்லாத்தையும் கூட்டி அள்ளி நெருப்பு வைப்பேன். இங்க வந்து, ஒரு இலையைக் காட்டணும்னா பேரனைக் கூட்டிக்கிட்டு லிஃப்ட்ல இறங்கிப் போறேன்” என்றார் அந்த அம்மா.

“அவன் படிப்பு எப்படிம்மா?” என்று கேட்டோம்.

“பாலர் பள்ளி டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா? ‘உங்க பேரன் தமிழ்ல நல்லா பேசுறான், எதைக் காட்டினாலும் கேள்வி கேக்குறான்’னாங்க. நான் எழுதப் படிக்கத் தெரியாதவ. எனக்குத் தெரிஞ்சது இந்தச் செடிங்க பேருதான்!”

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி ஒரு பிள்ளையைப் பள்ளிக்குத் தயார் செய்துவிட்டார். அவர் காசு கொடுத்து எதையும் வாங்கவில்லை. பிள்ளையோடு உட்கார்ந்தார், பெயர் சொன்னார், கேள்வி கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார்.

நம் பிள்ளைகளில் பலர் முதல் வகுப்பில் போய் உட்கார்ந்ததும் வாய் திறப்பதில்லை. அறிவு குறைவு என்பது இதற்குக் காரணமல்ல. ஓணான் எங்கே முட்டையிடும், ரப்பர்க் காய் எப்போது வெடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததை வார்த்தையாக்கப் பழக்கியவர் இல்லை. அம்மாவும் அப்பாவும் விடியுமுன் பெரட்டுக்குப் போகிறார்கள், களைத்துத் திரும்புகிறார்கள். பிள்ளை கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு வளர்கிறது. போகிற வழியில் பேச இரண்டு வார்த்தை, ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் கிடைத்தால்கூடப் போதும்.

பெரியவர்கள் சொன்னதும் இதுதான்

ஜெர்மனியில் ஃப்ரோபெல் என்பவர் 1837-ல் சிறு பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கினார். பின்பு அதற்கு ‘குழந்தைகளின் தோட்டம்’ என்று பொருள்படும் பெயரையே வைத்தார். ‘கிண்டர்கார்டன்’ என்று நாம் சொல்வது அதுதான். இத்தாலியில் பிறந்த மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போர்க் காலத்தில், 1942 முதல் சுமார் இரண்டு ஆண்டுகள் கொடைக்கானலில் தங்கி, மலையும் செடியும் பூச்சியுமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். கை தொட்டதைத்தான் பிள்ளையின் மனசு பிடித்துக்கொள்ளும் என்பது இவர்கள் கண்ட வழி.

நாம் படித்த தோட்டப் பள்ளியிலும் இது நடந்தது. கூட்டல் கழித்தலை வாத்தியார் ரப்பர் கொட்டையை வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தார். அது இன்றுவரை மறக்கவில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

எண்ணுதல்: ரப்பர் இலை ஒரு காம்பில் மூன்றாக இருக்கும். ரப்பர்க் காய்க்குள்ளும் பெரும்பாலும் மூன்று கொட்டை. இட்லிப் பூவுக்கு நான்கு இதழ். ஒற்றைச் செம்பருத்திக்கு ஐந்து. பிள்ளையே எண்ணிக் கண்டுபிடிக்கட்டும். தேங்காய் ஓலை ஈர்க்கை ஒரே அளவாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். இரண்டு கட்டும் மூன்று ஈர்க்கும் என்றால் 23. பள்ளியில் ‘பத்து, ஒன்று’ என்று சொல்லும்போது பிள்ளைக்குக் கைப்பழக்கமாகவே இருக்கும்.

எழுத்து: ‘ட’, ‘ப’ இரண்டும் நேர்க்கோட்டு எழுத்து, ஈர்க்கை வைத்தே செய்துவிடலாம். ‘அ’, ‘இ’ வளைந்த எழுத்து. தரையில் சாக்கட்டியால் எழுதி, அதன்மேல் ரப்பர் கொட்டையை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். பென்சில் பிடிக்கும் முன்பே விரலுக்கு எழுத்தின் வளைவு பிடிபடும்.

இலைப் படம்: இலையைப் பின்பக்கம் மேலே வரும்படி வைத்து, மேலே தாளைப் போட்டு, பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். நரம்பெல்லாம் தாளில் எழும்பும். பலா இலை, மரவள்ளி இலை, ரப்பர் இலை என்று பல படம் எடுத்து, ‘எது எது?’ என்று கேளுங்கள். நாள்காட்டித் தாளின் பின்பக்கமே போதும்.

முளைப்பயிர்: இரண்டு மைலோ டின்னில் ஈரத் துணி போட்டுப் பச்சைப் பயறு தூவுங்கள். ஒன்று ஜன்னல் ஓரம், மற்றது மூடிய அலமாரியில். ஐந்தாறு நாளில் வெளிச்சத்தில் இருப்பது பச்சையாகக் குட்டையாக நிற்கும். இருட்டில் இருப்பது வெளுத்து நீண்டு வளைந்து கிடக்கும். ஏன் என்று உடனே சொல்லிவிடாதீர்கள், பிள்ளை யோசிக்கட்டும். டின்னில் தண்ணீர் தேங்கவிடக் கூடாது. ஏடிஸ் கொசு வரும்.

சாயம்: மஞ்சள் கரைத்த தண்ணீரில் தாளை நனைத்துக் காயவைத்து, சவர்க்காரத் தண்ணீரால் கோடு போட்டால் சிவப்பாகத் தெரியும். சங்குப்பூவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தால் நீலம். எலுமிச்சைச் சாறு சொட்டினால் ஊதா. சுடுதண்ணீர் வேலையைப் பெரியவர்கள் செய்யுங்கள்.

ஓலை: காற்றாடி, பாம்பு, ஊதல், கைக்கடிகாரம். இதையெல்லாம் தாத்தா பாட்டியிடம் கேட்டு இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் போய்விட்டால் கற்றுக்கொடுக்க ஆளில்லை.

கவனம்!

மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை கையில் கொட்டை, விதை எதுவும் தரக் கூடாது. வாயில், மூக்கில், காதில் போட்டுக்கொள்ளும். பச்சை ரப்பர் கொட்டையில் விஷம் உண்டு; தின்னவிடாதீர்கள். அரளி, ஆமணக்கு விதை கிட்டவே வேண்டாம். மஞ்சாடி முழுச் சிவப்பாக இருக்கும், பல்லாங்குழிக்கு நல்லது. சிவப்பில் கறுப்புப் புள்ளி இருந்தால் அது குண்டுமணி, கொடிய விஷம். வித்தியாசத்தை முதலில் பெரியவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

மருந்தடித்த நிரையில் இலை பொறுக்கக் கூடாது. பாராகுவாட் என்ற கொடிய களைக்கொல்லியை மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டார்கள். அதற்காக மற்ற மருந்தெல்லாம் பாலும் தேனும் ஆகிவிடாது. மருந்து இருந்த காலி டின்னையும் கலனையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். மருந்தடித்து வந்தவர்கள் குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். செம்பனை மட்டை குவித்த இடத்தில் பாம்பு இருக்கும். அங்கேயும் பிள்ளையை விடாதீர்கள்.

நிர்வாகத்துக்கு ஒரு வார்த்தை

இலையும் கொட்டையும் இருக்கிறதே, இனி ஆயாக்கொட்டகை எதற்கு என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. சிங்கப்பூரில் சுமார் 90 ஏக்கரைப் பிள்ளைக்கும் பறவைக்கும் விட்டிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான ஏக்கர் வைத்திருக்கும் தோட்டம், லயத்துப் பக்கத்தில் மருந்தடிக்காத ஒரு துண்டு நிலத்தைப் பிள்ளைகள் விளையாட விட முடியாதா? 1990-ல் வந்த தொழிலாளர் குடியிருப்பு வசதிச் சட்டம், தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வைப்பதைப் பற்றியும் சொல்கிறது. உங்கள் தோட்டத்து நிலைமை என்ன? காப்பகம் இருக்கிறதா, ஆயா இருக்கிறாரா, சுற்றிலும் மருந்தடிக்கிறார்களா? கிளைத் தலைவரிடம் சொல்லுங்கள். அடுத்த கிளைக் கூட்டத்தில் சம்பளத்தோடு இதையும் பேச்சில் வையுங்கள்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று சாயங்காலம் வாசலில் கிடக்கும் ஓர் இலையை எடுத்துப் பிள்ளை கையில் கொடுங்கள். “இது என்ன இலை?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.