முதுமையில் எழுத்தறிதல்: தொண்டூழிய வகுப்புகளும் தமிழ்மொழியும்

வாழ்நாள் கற்றல் என்னும் தொடர் சிங்கப்பூரில் இன்று அனைவருக்கும் பழகிய தொடராகிவிட்டது. பாய லேபாரில் வாழ்நாள் கற்றல் கழகம் 2014இல் திறக்கப்பட்டது. 2015இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இயக்கம் தொடங்கியது. 50 வயதைக் கடந்தோருக்கான வகுப்புகளை ஒருங்கிணைக்கும் நேஷனல் சில்வர் அகாடமி 2016இல் உருவாயிற்று. 2030ஆம் ஆண்டளவில் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 வயதோ அதற்கு மேலோ உடையவராக இருப்பார் என்னும் கணிப்பே இம்முயற்சிகளுக்கெல்லாம் பின்னணி.

இவற்றோடு, அரசின் ஏற்பாட்டுக்கு வெளியேயும் கற்றல் நடைபெறுகிறது. சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் கோயில் மண்டபங்களிலும் வீடமைப்புப் பேட்டைகளின் கீழ்த்தளங்களிலும் தொண்டூழியர்கள் மூத்தோருக்கு வகுப்பெடுக்கிறார்கள். இவ்வகுப்புகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் உடல்நலத்தையும் தனிமை நீங்குவதையும் முன்னிறுத்துவர். அவை மறுக்கத்தக்கன அல்ல. ஆனால் மொழியியல் நோக்கில் முதலில் கேட்கவேண்டிய வினா வேறு: மூத்தோர் எந்த மொழியில் கற்கிறார்கள்? வகுப்பின் மொழியே அவ்வகுப்பில் யார் அமர்வார், யார் வாசலோடு திரும்பிவிடுவார் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆசிரியர்களும் மாணவர்களும் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கற்றவர் கற்பிக்கும் மரபு

தொண்டூழிய வகுப்பு மேலைநாட்டிலிருந்து வந்த புதுமை என்று கருதுவோர் உண்டு. 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் பியர் வெல்லாஸ் தொடங்கிய மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் இத்துறையில் புகழ்பெற்றது. அங்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களே மூத்தோருக்குப் பாடம் நடத்தினர். 1980களின் தொடக்கத்தில் அக்கருத்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜுக்குச் சென்றபோது உருமாறியது. பீட்டர் லாஸ்லெட்டும் அவருடைய நண்பர்களும் ‘உறுப்பினரே ஆசிரியர், உறுப்பினரே மாணவர்’ என்னும் முறையை வகுத்தனர். நுழைவுத் தகுதி இல்லை, தேர்வு இல்லை, பட்டம் இல்லை. வரலாறு அறிந்தவர் வரலாறு சொல்வார். அடுத்த மணிநேரம் அவரே ஓவியம் கற்க அமர்வார்.

கற்றவர் கல்லாதவருக்குக் கற்பிக்கும் இம்முறையின் ஒரு வேர் சென்னையில் இருக்கிறது என்பது பலர் அறியாதது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் ஒன்றை மேற்பார்வையிட்ட ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். அம்முறையைத் தம் இல்லத்திற் புகுத்தி, முன்னேறிய மாணவரைக் கொண்டே மற்றவர்க்குக் கற்பித்தார். அந்த அனுபவத்தை 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்னும் பெயரில் உலகின் பல பகுதிகளுக்குப் பரவியது. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை ஆற்றிய பணியும் இத்தகையதே. ஆகவே, இன்று ஒரு மூத்தவர் தாம் கற்றதை இன்னொரு மூத்தவருக்குக் கற்பிக்கும்போது, நாம் இரவல் வாங்கிய ஒன்றைச் செய்யவில்லை. பழகிய ஒன்றையே மீண்டும் செய்கிறோம்.

சிங்கப்பூரின் மூவகை மூத்தோர்

நம் தமிழ் மூத்தோர் அனைவரும் ஒரே வகையினர் அல்லர். கற்பிப்போர் முதலில் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும்.

முதல் வகையினர் தமிழ்வழிப் பள்ளியிற் பயின்றோர். 1946இல் தொடங்கப்பட்ட உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982இல் மூடப்பட்டது. அதனோடு தமிழ்வழி உயர்நிலைக் கல்வி இங்கு முடிவுற்றது. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழியாயிற்று. தமிழ்வழியிற் படித்தோர் தமிழைச் சரளமாக வாசிப்பர். ஆனால் கைப்பேசியின் ஆங்கிலக் கட்டளைகள் அவர்களில் பலரைத் தடுத்து நிறுத்துகின்றன.

இரண்டாம் வகையினர் பள்ளிக்கே செல்லாதோர். தமிழகத்திலிருந்து மணமாகி வந்த பெண்களும், இளமையிலேயே வேலைக்குச் சென்றோரும் இவர்களுள் அடங்குவர். பேச்சுத்தமிழில் வல்லவர்கள், எழுத்து அறியாதவர்கள்.

மூன்றாம் வகையினர் ஆங்கிலவழியிற் படித்தோர். வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தும் தமிழை வாசிக்கத் தயங்குவோர். ஓய்வுபெற்றபின் ‘என் தாய்மொழியை நான் படிக்கவேண்டும்’ என்று வருவோரில் இவர்களைக் காண்கிறோம்.

இம்மூவரையும் ஒரே அறையில் அமர்த்தி ஒரே பாடத்தை நடத்தினால் மூவரும் பயனடையார். ஆனால் மூவரையும் ஒருவருக்கொருவர் ஆசிரியராக்கினால் நிலைமை மாறும். முதல் வகையினர் எழுத்தைக் கற்பிக்கலாம். மூன்றாம் வகையினர் கைப்பேசியைக் கற்பிக்கலாம். இரண்டாம் வகையினரிடம் மற்ற இருவரும் இழந்துவிட்ட சொற்கள் இருக்கின்றன.

முதியவரால் கற்க இயலுமா?

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்னும் பழமொழியை மூத்தோரே தம்மைக் குறித்துச் சொல்லிக்கொள்வர். ஆய்வுகள் இதனை முழுமையாக ஏற்பதில்லை. உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் அறிவாற்றலை இரண்டாகப் பகுத்தார். புதிய சிக்கலை விரைந்து தீர்க்கும் ஆற்றல் ஒன்று. வாழ்நாள் முழுவதும் சேர்த்த சொல்வளமும் உலகறிவும் மற்றொன்று. முன்னது வயதோடு குறையும். பின்னது முதுமையிலும் நெடுங்காலம் நிலைத்திருக்கும். 1956இல் வார்னர் ஷையி அமெரிக்காவின் சியாட்டில் வட்டாரத்தில் தொடங்கிய நீண்டகால ஆய்வும், எல்லாத் திறன்களும் ஒரே வேகத்தில் தேய்வதில்லை என்பதைக் காட்டியது.

எழுத்தறிவைப் பற்றிய சான்று இன்னும் நேரடியானது. இலக்னோ அருகேயுள்ள சிற்றூர்களில், எழுத்தறியாத வயதுவந்தோருக்கு ஆறு மாதம் தேவநாகரி எழுத்து கற்பிக்கப்பட்டது. அவர்களின் மூளை இயக்கத்தை முன்னும் பின்னும் ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வெளியாயிற்று. எழுத்தறிவு மூளையின் ஆழ்ந்த பகுதிகளிலும் மாற்றத்தை விளைவித்ததை அது பதிவுசெய்தது. அங்குக் கற்றவர்கள் முப்பது வயதளவினர். எழுபது வயதினர்க்கு அதே வேகத்தை எதிர்பார்த்தல் பொருந்தாது. எனினும் குழந்தைப் பருவத்தோடு எழுத்தின் கதவு அடைபட்டுவிடும் என்னும் எண்ணம் தவறு என்பது தெளிவு.

இவற்றிலிருந்து கற்பித்தலுக்குக் கிடைக்கும் பாடம் ஒன்று: வேகத்தைக் குறைக்கவேண்டும், பொருளைக் குறைக்கக்கூடாது. பேரன் படிக்கும் பாலர் பள்ளிப் பாடலை எழுபது வயதினர் கையில் கொடுப்பது அவரது அறிவை அவமதிப்பதாகும்.

எழுத்தைக் கற்பிக்கும் வழி

தமிழ் எழுத்துகள் 247 என்று தொடங்கும் ஆசிரியர், முதல் நாளிலேயே கற்பவரை அச்சுறுத்துகிறார். உண்மையில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. உயிர்மெய் 216உம் பெரும்பாலும் இவற்றின் சேர்க்கையே. ப, ட, ம என்னும் மூன்று எழுத்துகள், மெய்க்குரிய புள்ளி, துணைக்கால், இகரக் குறியான மேல்விலங்கு ஆகியவற்றை மட்டும் அறிந்தவர் படம், பட்டம், பாடம், படி, மாடி, பாட்டி ஆகிய சொற்களை வாசித்துவிடலாம். முதல் வகுப்பின் முடிவிலேயே பொருளுள்ள சொல்லை வாசித்த மூத்தவர் இரண்டாம் வகுப்புக்கும் வருவார். உகர ஊகாரக் குறிகள் எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுவன. அவற்றைப் பின்னுக்குத் தள்ளுவதே நன்று.

கற்பவரின் வாழ்விலிருந்தே சொற்களை எடுக்கும் இம்முறைக்கு உலகறிந்த முன்னோடி பாவ்லோ ஃபிரையரே. 1963இல் பிரேசிலின் ஆங்கிக்கோஸ் ஊரில் அவர் உழைக்கும் மக்களின் அன்றாடச் சொற்களைக் கொண்டே எழுத்தறிவித்தார். தமிழகத்தில் 1990களின் அறிவொளி இயக்கமும் மக்கள் வாழ்விலிருந்தே பாடத்தை எடுத்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஊதியமின்றிக் கற்பித்தனர். எழுத்தோடு பெண்கள் மிதிவண்டியும் பழகினர். சிங்கப்பூரில் மருந்துச் சீட்டு, பேருந்து எண், புளோக் எண், தேக்கா சந்தையின் விலைப்பலகை ஆகியவை நம் பாடப்பொருள்களாகலாம்.

முன்பே வாசிக்கத் தெரிந்த மூத்தோருக்கும் ஒரு தடை உண்டு. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது. ணா, றா, னா முதலிய ஆகார வரிசையும், அவற்றின் ஒகர ஓகார வடிவங்களும், ணை, லை, ளை, னை என்னும் ஐகார வடிவங்களுமாக 13 எழுத்துகள் மாறின. சிங்கப்பூரும் பின்னர் அவற்றை ஏற்றது. அதற்குமுன் படித்தவர் இன்றும் துதிக்கை போன்ற பழைய வடிவத்தில் ‘லை’யை எழுதுவதுண்டு. அது பிழையன்று, ஒரு காலத்தின் முறை. இளம் ஆசிரியர் சிவப்பு மையால் அதனைத் திருத்தாமல், இரு வடிவங்களையும் அருகருகே எழுதிக் காட்டுதல் போதும்.

அடுத்தது இரட்டை வழக்கு. ‘வந்துச்சு’ என்று பேசுபவர் ‘வந்தது’ என்று வாசிக்கவேண்டியிருக்கிறது. ‘வீட்டுல’ என்பது ‘வீட்டில்’ ஆகிறது. எழுத்தறியாத மூத்தவருக்கும் எழுத்துவழக்கு முற்றிலும் அயலானதன்று. ஒலி 96.8இன் செய்தியை நாள்தோறும் கேட்பவர் செவியில் அது ஏற்கெனவே குடியேறியிருக்கிறது. 2005இல் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பேச்சுத்தமிழுக்குப் பள்ளியில் இடமளிக்கப் பரிந்துரைத்தது சிறுவர்க்காக. மூத்தோர் வகுப்பில் அப்பாலத்தை எதிர்த்திசையில் கடக்கிறோம்: பேச்சிலிருந்து எழுத்துக்கு.

ஆங்கிலமா, தமிழா?

‘சிங்கப்பூரில் வாழும் மூத்தவருக்குப் பயன்படுவது ஆங்கிலமே, தமிழெழுத்தைக் கற்பிப்பதில் காலத்தை ஏன் செலவிடவேண்டும்?’ என்று கேட்போர் உண்டு. நேர்மையான கேள்வி. கடிதங்களும் செயலிகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகையில், ஆங்கிலம் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார். ஆனால் எழுத்து என்பது ஒலியைக் குறிக்கும் ஏற்பாடு என்னும் உண்மையை, தெரியாத மொழியின் வழியே ஒருவர்க்கு உணர்த்துதல் கடினம்; ஒலியும் புதிது, குறியும் புதிது, பொருளும் புதிது. தாய்மொழியே கற்பித்தலுக்குச் சிறந்த வாயில் என்று யுனெஸ்கோ 1953இலேயே வலியுறுத்தியது. தெரிந்த மொழியில் எழுத்து. பெற்ற எழுத்தறிவோடு அடுத்த மொழி. இவ்வரிசை மாறும்போதுதான் பலர் இரண்டாம் வாரமே நின்றுவிடுகின்றனர்.

கைப்பேசி வகுப்புக்கும் இது பொருந்தும். 1997இல் தமிழிணைய மாநாடு சிங்கப்பூரில் நடைபெற்றது; அதில் முன்னின்றவர் நா. கோவிந்தசாமி என்னும் ஆசிரியர். அன்று தொடங்கிய முயற்சிகளின் பயனாக இன்று கைப்பேசியில் தமிழ் விசைப்பலகை உண்டு. பேசினால் எழுதும் வசதியும் உண்டு. அவற்றை அமைத்துக்கொடுக்க ஒரு மாணவருக்குச் சில நிமிடங்கள் போதும். அதன்பின் பாட்டி தம் தங்கைக்குத் தாமே செய்தி அனுப்புவார்.

நாம் பெறுவது

மூத்தோர் வகுப்பைக் கொடை என்று மட்டும் கருதுதல் பிழை. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் தமிழை மிகுதியாகப் பேசுவோர் சிங்கப்பூர்வாசிகளில் 3.3 விழுக்காடு, 2020இல் அது 2.5 விழுக்காடு. இச்சரிவின் நடுவே, மூத்தோர் நாவிலுள்ள சொற்கள் நமக்கு ஆவணங்கள். லிட்டில் இந்தியாவின் ஒரு பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தவர்கள் அவர்கள். கம்போங் கப்பூர் என்னும் மலாய்ப் பெயரின் பொருளையே அது தருகிறது. தேக்கா என்பதோ மூங்கிலடி எனப் பொருள்படும் ஹொக்கியன் சொல். மூன்று மொழிகள் ஒரு சாலையிற் கலந்த வரலாறு இப்பெயர்களில் இருக்கிறது. எழுதக் கற்ற மூத்தவர் இத்தகைய சொற்களைத் தம் கையாலேயே எழுதிவைப்பார். எழுதாதவரிடம் மாணவர் கேட்டு எழுதலாம்.

வகுப்பு நடத்த விரும்புவோர்க்குச் சில நடைமுறைகளைக் கூறி நிறைவுசெய்வோம். எழுத்துப் பெரிதாகவும் ஒளி நிறைவாகவும் இருக்கட்டும். காது மந்தமானவர் முன்வரிசையில் அமரட்டும். வகுப்பு ஒரு மணிநேரத்தைத் தாண்டவேண்டா. ஒரே தொண்டூழியரை நம்பிய வகுப்பு அவர் நோயுற்றால் நின்றுவிடும். ஆகவே குறைந்தது இருவர் பொறுப்பேற்கவேண்டும். வராதவரை அன்றே தொலைபேசியில் விசாரிக்கவேண்டும். முதுமையில் வராமைக்குக் காரணம் சோம்பலாக இருப்பது அரிது. பயிற்சி முடிந்தபின்னும் வாசிக்க ஏதேனும் கைக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். வாசிப்புப் பொருள் இல்லாத இடத்தில் கற்ற எழுத்து மங்கிவிடும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் பள்ளியின் தொண்டூழியத் திட்டத்தில் தமிழ் மூத்தோர் வகுப்பையும் சேருங்கள். மாணவர்களே, உங்கள் வீட்டிலோ அண்டைவீட்டிலோ தம் பெயரைத் தமிழில் எழுதத் தெரியாத பெரியவர் ஒருவர் இருக்கக்கூடும். அவரிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் ‘இனிமேல் எனக்கு எதுக்குப்பா?’ என்பார். இரண்டாம் முறையும் கேளுங்கள்.