பிளீஸ் ஜக்கெட்டின் விளிம்பைப் பார்த்து வாங்குங்கள்

நுவரெலியா, பண்டாரவளை போன்ற குளிர்ப் பிரதேசங்களில் கடை நடத்துவோருக்கும் அவர்களுக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரிகளுக்கும் பிளீஸ் ஜக்கெட் நன்கு பழகிய சரக்காகும். ஏற்றுமதித் தொழிற்சாலைகளில் மிஞ்சியதை லொட்டாக வாங்கி விற்போர் உண்டு. புடவையை வாங்கிச் சிறு தையல் நிலையங்களில் கொடுத்துத் தைப்பிப்போரும் உண்டு. இவ்விரு சாராரும் நிறத்தையும் சிப்பையும் பார்க்கும் அளவுக்கு விளிம்புத் தையலைப் பார்ப்பதில்லை. சரக்குத் திரும்பி வருவதற்கு அதுவே ஒரு முக்கிய காரணம்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு ஜக்கெட்டின் அடக்கம் 1,200 ரூபா, இலாபம் 150 ரூபா என வைத்துக்கொள்வோம். 300 ஜக்கெட்டுகளில் 30 பழுதென்று திரும்பி வந்தால், விற்ற 270இன் இலாபம் 40,500 ரூபா. திரும்பியவற்றின் அடக்கம் 36,000 ரூபா. அவற்றை விற்க முடியாது போனால் கையில் மிஞ்சுவது 4,500 ரூபா மட்டுமே.

பிளீஸ் என்பது பெரும்பாலும் பொலியெஸ்டர் நூலில் பின்னி, மேற்பரப்பைக் கீறிப் பஞ்சுபோல் ஆக்கிய புடவை. நெய்த துணியைப் போல் வெட்டிய ஓரத்தில் இதன் நூல் பிரியாது. ஆகவே விளிம்பை இரண்டு முறை மடிக்கவோ, முதலில் ஓவர்லொக் அடிக்கவோ தேவையில்லை. ஒரே மடிப்புப் போதும். ஆனால் புடவை இழுபடும். சாதாரண மெஷினில் நேர்த்தையல் போட்டால், உடுத்தும்போது நூல் அறுந்துவிடும்.

இதற்காகவே கவர்ஸ்டிச் மெஷின் இருக்கிறது. நமது கார்மண்ட் தொழிற்சாலைகளில் பலர் இதைப் பிளட்லொக் என்பார்கள். மேற்புறத்தில் இரு ஊசிகளின் தையல் வரிகள் சமாந்தரமாக ஓடும். கீழ்ப்புறத்தில் லூப்பர் நூல் வலைபோல் பின்னி, வெட்டிய ஓரத்தை மூடும். புடவையோடு சேர்ந்து தையலும் இழுபடும். இரு ஊசித் தையலுக்கு 406 என்பது தொழிற்சாலை இலக்கம். மூன்று ஊசி என்றால் 407. ஓடர் எழுதும்போது இந்த இலக்கத்தைக் குறித்துவிட்டால் பிறகு பேச்சுக்கு இடமில்லை.

மெஷின் இருந்தால் மட்டும் போதாது. தைப்பவர் அதைப் பிளீஸுக்கு ஏற்றவாறு மாற்றியிருக்க வேண்டும். வரும் பழுதுகள் பெரும்பாலும் நான்கு.

முதலாவது, விளிம்பு அலையலையாக நிற்பது. தைக்கும்போது புடவை இழுபட்டிருக்கிறது என்பது இதன் பொருள். ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். மெஷினின் முன்பல், பின்பல்லை விட வேகமாகப் புடவையை உள்ளே தள்ளும்படி டிஃபரென்ஷல் ஃபீடை 1க்கு மேல் கூட்ட வேண்டும். தையலின் நீளம் 3 முதல் 3.5 மில்லிமீற்றர் வரை இருப்பது நல்லது.

இரண்டாவது, இரு வரிகளுக்கும் நடுவே புடவை மேடாக எழும்புவது. நூல் இறுக்கம் கூடியதே காரணம். குறிப்பாக லூப்பர் நூலைத் தளர்த்த வேண்டும்.

மூன்றாவது, தையல் விடுபடுவது. மழுங்கிய ஊசி ஒரு காரணம். பின்னல் புடவைக்குரிய போல்பொயின்ட் ஊசி, தடித்த பிளீஸுக்கு 14ஆம் இலக்கம் பொருத்தமானது. பக்கத் தையலைத் தாண்டும் தடித்த இடத்தில்தான் பெரும்பாலும் விடுபடும். அங்கே மெதுவாகத் தைக்க வேண்டும். பிளீஸ் உதிர்க்கும் பஞ்சு லூப்பரில் சேர்ந்தாலும் இது நிகழும். அடிக்கடி தூரிகையால் துப்புரவாக்க வேண்டும்.

நான்காவதுதான் மிகவும் ஆபத்தானது. முடிவு கட்டப்படாத தையல். இது சங்கிலித் தையல் இனத்தைச் சேர்ந்தது. தைத்து முடித்த முனையில் லூப்பர் நூல் இழுபட்டால் முழு விளிம்பும் சரசரவென்று கழன்றுவிடும். கடையில் பார்க்கும்போது இது தெரியாது. வாடிக்கையாளர் வீட்டில் இரண்டு தடவை கழுவிய பின்பே தெரியும். தொடங்கிய இடத்தின் மேல் இரண்டு, மூன்று சென்ரிமீற்றர் தூரம் மீண்டும் தைத்து, நூல்களைக் கீழ்ப்புறம் இழுத்து முடிச்சிட வேண்டும். அல்லது அவ்விடத்தில் பார்டக் அடிக்க வேண்டும்.

இன்னொன்று. விளிம்பு அலையாக இருந்தால் சூடான அயனை வைத்து அழுத்திச் சரிசெய்யப் பார்ப்பார்கள். பொலியெஸ்டர் பிளீஸ் சூட்டில் உருகிப் பளபளப்பாகிவிடும். பழுது இரட்டிப்பாகும்.

எனவே, முழு ஓடரையும் கொடுக்குமுன் ஒரு மாதிரியைத் தைப்பித்துப் பாருங்கள். மேசையில் விரித்தால் விளிம்பு தட்டையாகக் கிடக்க வேண்டும். இரு கையால் இழுத்தால் நூல் அறக்கூடாது. உட்புறம் திருப்பினால் வெட்டிய ஓரம் முழுவதும் தையலுக்குள் அடங்கியிருக்க வேண்டும். கடைசியாக, தையல் முடியும் இடத்தைத் தேடி நூலை நகத்தால் இழுத்துப் பாருங்கள். லொட்டாக வாங்கும்போதும் ஒவ்வொரு மூட்டையிலும் சிலவற்றை எடுத்து இதையே செய்யலாம். ஓர் உடுப்புக்கு ஒரு நிமிடம்கூடச் செல்லாது.