ஜப்பானில் கேம் கன்சோல் வாங்கலாமா? நான்கு பூட்டுகளைக் கவனியுங்கள்!

சிங்கப்பூரில் வளர்ந்த என் சித்தி மகள், 2025-ஆம் ஆண்டு ஜப்பானுக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்றாள். ஜப்பான் அரசு 1987 முதல் நடத்தும் ஜெட் திட்டம் மூலம் அவளுக்கு வேலை கிடைத்தது. பட்டப்படிப்பு முடித்திருக்க வேண்டும். பள்ளியில் ஜப்பானிய ஆசிரியருடன் சேர்ந்து வகுப்பு எடுக்க வேண்டும். ஒப்பந்தம் ஓராண்டுக்குத்தான். இரு தரப்புக்கும் சம்மதம் என்றால் அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம்.

அவள் கிளம்பும் முன் என்னிடம் கேட்ட கேள்வி, "அண்ணா, கேம் கன்சோலை இங்கேயே வாங்கிக்கொண்டு போகட்டுமா, ஜப்பானில் போய் வாங்கட்டுமா? அங்கே விலை குறைவாமே?" என்பதுதான்.

விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறைந்த விலைக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது தெரியாமல் வாங்கினால், ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்போது கன்சோல் பெட்டி கையில் இருக்கும், பயன் இருக்காது. ஜப்பானில் இருக்கும் உறவினரிடம் "எனக்கும் ஒன்று வாங்கி வா" என்று சொல்ல நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும். எனவே விரிவாகவே பார்ப்போம்.

கன்சோலும் கம்ப்யூட்டரும்

கேம் கன்சோலும் ஒரு கம்ப்யூட்டர்தான். பிராசஸர், மெமரி, ஸ்டோரேஜ் எல்லாம் அதிலும் உண்டு. ஆனால் கம்ப்யூட்டரில் விண்டோஸ் பிடிக்கவில்லை என்றால் லினக்ஸ் போடலாம். எந்தக் கடையில் வாங்கிய சாஃப்ட்வேரையும் நிறுவலாம். கன்சோலில் எல்லாமே தயாரிப்பாளர் கையில் இருக்கும். எந்த மொழி, எந்த நாட்டு அக்கவுன்ட், எந்த நாட்டு டிஸ்க் என்பதை அவர்களே முடிவு செய்யலாம். இந்தக் கட்டுப்பாடுகளைத்தான் இங்கே பூட்டு என்கிறேன். நான்காவது பூட்டு மின்சாரம்.

பூட்டு 1: மொழி

நின்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் 2 கன்சோல் 2025 ஜூன் 5 அன்று வெளியானது. ஜப்பானில் இதற்கு இரண்டு பதிப்புகள். ஜப்பானிய மொழி மட்டும் உள்ள பதிப்பு, வெளியான போது 49,980 யென். பல மொழிப் பதிப்பு 69,980 யென். வித்தியாசம் 20,000 யென்! சாதாரணக் கடைகளில் விற்பனைக்கு வந்தது விலை குறைந்த பதிப்புதான். பல மொழிப் பதிப்பை நின்டெண்டோவின் சொந்த ஆன்லைன் கடையில் மட்டுமே விற்றார்கள்.

சோனியும் இதே வழியில் வந்தது. 2025 நவம்பர் 21 அன்று, பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் எடிஷனில் ஜப்பானிய மொழி மட்டும் உள்ள மாடலை 55,000 யென்னுக்கு வெளியிட்டது. பல மொழிகள் கொண்ட டிஜிட்டல் எடிஷனின் விலை அப்போது 72,980 யென்.

இரண்டிலும் மெனு முழுவதும் ஜப்பானிய எழுத்தில்தான் வரும். செட்டிங்ஸில் தேடினாலும் ஆங்கிலம் கிடைக்காது. ஆனால் 2017-ல் வந்த பழைய ஸ்விட்ச் கன்சோலை ஜப்பானில் வாங்கினாலும் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். "முன்பு என் நண்பர் ஜப்பானில் வாங்கி வந்தார், நன்றாக வேலை செய்கிறதே" என்று யாராவது சொன்னால், எந்த மாடல் என்று கேளுங்கள்.

பூட்டு 2: அக்கவுன்ட்

பலரும் மொழியோடு நின்றுவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய பூட்டு இது. மேலே சொன்ன இரண்டு ஜப்பானிய மாடல்களிலும் ஜப்பான் நாட்டு அக்கவுன்ட்டை மட்டுமே பயன்படுத்த முடியும். வேறு நாட்டு அக்கவுன்ட்டில் நீங்கள் ஏற்கெனவே பணம் கொடுத்து டவுன்லோடு செய்த கேம்கள் இருந்தால், அந்த அக்கவுன்ட் இந்தக் கன்சோலில் ஏறாது.

சரி, நாட்டை மாற்றிக்கொண்டால்? நின்டெண்டோ அக்கவுன்ட்டில் நாட்டை மாற்ற வழி இருக்கிறது. மீதிப் பணத்தைச் செலவழித்துவிட்டு மாற்றுவது நல்லது. பிளேஸ்டேஷன் அக்கவுன்ட்டில் முதலில் தேர்வு செய்த நாட்டைப் பிறகு மாற்றவே முடியாது. புதிய அக்கவுன்ட்தான் தொடங்க வேண்டும். பழைய கேம்கள் பழைய அக்கவுன்ட்டிலேயே தங்கிவிடும்.

பணம் செலுத்துவதிலும் ஒரு சிக்கல். நின்டெண்டோவின் ஜப்பான் ஆன்லைன் கடை, 2025 மார்ச் 25 முதல் வெளிநாட்டில் வழங்கப்பட்ட கிரெடிட் கார்டுகளை ஏற்பதில்லை. ஜப்பானில் வேலை செய்யும் வரை கவலை இல்லை. அங்குள்ள வங்கிக் கார்டு இருக்கும், தெருமுனைக் கடையிலேயே ப்ரீபெய்டு கார்டும் கிடைக்கும். ஊர் திரும்பிய பிறகுதான் சிரமம் தெரியும்.

பூட்டு 3: டிஸ்க்

இதில் நல்ல செய்தி உண்டு. ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5 ஆகியவற்றில் கேம் டிஸ்க் அல்லது கார்டுக்கு நாட்டுப் பூட்டு இல்லை. சிங்கப்பூரில் வாங்கிய கேம் ஜப்பானிலும் ஓடும். ஆனால் ஒரு கேமுக்குக் கூடுதல் பகுதிகளை ஆன்லைனில் வாங்கினால், கேம் எந்த நாட்டுப் பதிப்போ அதே நாட்டு அக்கவுன்ட்டில் வாங்குங்கள். மாறினால் பெரும்பாலும் சேராது.

பழைய கன்சோல்களில் நிலைமை வேறு. பிளேஸ்டேஷன் 2, வீ, வீ யு, 3டிஎஸ் எல்லாவற்றிலும் பூட்டு உண்டு. டோக்கியோவின் அகிஹபாரா பகுதியில் இவை பழைய பொருள் கடைகளில் கிடைக்கும். பார்த்ததும் ஆசை வரும். ஆனால் ஜப்பானியக் கன்சோலில் ஜப்பானிய டிஸ்க்தான் ஓடும் என்பதை நினைவில் வையுங்கள். 'ஜங்க்' என்று எழுதி வைத்த பொருளுக்கு வேலை செய்யும் என்ற உத்தரவாதம் எதுவும் கிடையாது.

கன்சோலில் சினிமா பார்க்கிறவர்களுக்கு இன்னொரு கணக்கு. டிவிடியில் ஜப்பான் மண்டலம் 2, சிங்கப்பூர் 3, இந்தியா 5. ப்ளூ-ரேயில் ஜப்பானும் சிங்கப்பூரும் ஏ, இந்தியா சி. கேம் ஓடுகிறதே என்று நம்பிப் படமும் ஓடும் என எதிர்பார்க்க வேண்டாம்.

பூட்டு 4: மின்சாரம்

ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் 230 வோல்ட். கன்சோலின் பின்புறம் அல்லது அடாப்டரில் 'இன்புட்' என்ற வரியைப் படியுங்கள்.

'100-240 வி' என்று இருந்தால் எந்த நாட்டிலும் செருகலாம். ப்ளக் வடிவத்துக்கு மட்டும் ஒரு கன்வர்ட்டர் போதும். ஜப்பானில் தட்டையான இரண்டு முனை ப்ளக், சிங்கப்பூரில் சதுர மூன்று முனை, நம் ஊரில் உருண்டை முனை.

'100 வி' என்று மட்டும் இருந்தால் நம் ஊரில் நேரடியாகச் செருகக் கூடாது. ப்ளக் கன்வர்ட்டர் வோல்ட்டைக் குறைக்காது. ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கி, அதன் வாட் அளவு கன்சோலின் வாட் அளவைவிட அதிகமாக இருக்கிறதா என்று பார்த்து இணைக்க வேண்டும். பழைய ஜப்பானியக் கன்சோல்கள் பலவற்றுக்கு இது கட்டாயம்.

வரி விஷயம்

ஜப்பானில் 10 சதவீத நுகர்வு வரி உண்டு. சுற்றுலாப் பயணிகளுக்கு இதில் சலுகை கிடைக்கும். வேலை விசாவில் சென்ற ஆசிரியருக்குக் கிடைக்காது, அவர் அங்கே வசிப்பவராகவே கருதப்படுவார். இந்தியாவுக்குக் கொண்டுவரும்போது, சுங்க வரியில் லேப்டாப்புக்கு உள்ள தனிச் சலுகை கேம் கன்சோலுக்குப் பொருந்தாது. பயணப் பையின் பொது வரம்புக்குள்தான் வரும்.

யாருக்கு எது சரி?

என் தங்கையிடம் ஆங்கில அக்கவுன்ட்டில் ஏற்கெனவே ஏழெட்டு கேம்கள் இருந்தன. ஓராண்டில் திரும்பிவிடவும் வாய்ப்பு உண்டு. அதனால் சிங்கப்பூரிலேயே வாங்கிச் செல்லச் சொன்னேன். அடாப்டரில் 100-240 என்று இருந்தது. ப்ளக் கன்வர்ட்டர் மட்டும்தான் கூடுதல் செலவு.

அவளுடன் வேலை செய்யும் இன்னொரு ஆசிரியை ஜப்பானிய மொழிப் பதிப்பையே வாங்கினார். அவருக்கு அதுதான் சரி. பழைய அக்கவுன்ட் எதுவும் இல்லை, ஐந்து ஆண்டும் இருக்கத் திட்டம், ஜப்பானிய மொழி கற்கவும் ஆசை. சிறுவர்களுக்கான பல ஜப்பானிய கேம்களில் கடினமான எழுத்துகளுக்கு மேலே உச்சரிப்பையும் சிறிதாகப் போட்டிருப்பார்கள். படிக்கப் பழக இது நல்ல வசதி. நேற்று எந்த கேம் விளையாடினாய் என்று கேட்டால், வகுப்பில் பேசக் கூச்சப்படும் மாணவனும் பேச ஆரம்பிக்கிறான் என்கிறார்.

பட்டனிலும் ஒரு சுவையான செய்தி உண்டு. ஜப்பானில் விடைத்தாளில் சரியான விடைக்கு வட்டம் போடுவார்கள். பிளேஸ்டேஷன் 4 வரை ஜப்பானியக் கன்சோல்களில் வட்டப் பட்டன்தான் 'சரி', பெருக்கல் குறி 'வேண்டாம்'. மற்ற நாடுகளில் பெரும்பாலும் தலைகீழ். பிளேஸ்டேஷன் 5-ல்தான் ஜப்பானிலும் பெருக்கல் குறி 'சரி' ஆனது. பழைய ஜப்பானிய மாடலை வாங்கினால் முதல் சில நாட்கள் விரல் தடுமாறும்!

பணம் கொடுக்கும் முன்

1. பெட்டியில் ஜப்பானிய மொழி மட்டும் என்று இருக்கிறதா? கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.
2. உங்கள் பழைய அக்கவுன்ட் எந்த நாட்டுடையது? அதில் உள்ள கேம்கள் வேண்டுமா?
3. அடாப்டரில் 100 மட்டுமா, 100-240 என்றா?
4. வாரன்ட்டி எந்த நாட்டில் செல்லும்? பொதுவாக வாங்கிய நாட்டில் மட்டுமே.
5. இரண்டு ஆண்டுகள் கழித்து இந்தக் கன்சோல் எந்த நாட்டில் இருக்கும்?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லுங்கள். கன்சோல் கடைசியில் எந்த நாட்டில் இருக்கப் போகிறதோ, அந்த நாட்டுக்கு ஏற்றதை வாங்குங்கள். விலை வித்தியாசம் மிச்சமா, நஷ்டமா என்பது அதைப் பொறுத்ததுதான்.