மருத்துவமனையில் முதியவருக்குத் திடீர் மனக்குழப்பம் ஏற்படுவது ஏன்?

இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை பெற்ற முதியவர் ஒருவர் மாலை வரை தெளிவாகப் பேசுகிறார். இரவில் மகனை அடையாளம் காணவில்லை. சுவரில் பூச்சி ஊர்வதாகக் கூறுகிறார். கையிலுள்ள ஊசியைப் பிடுங்க முயல்கிறார். காலையில் ஓரளவு தெளிந்துவிடுகிறார். முதுமையின் மறதி என்றோ மனநோய் என்றோ குடும்பத்தினர் இதனைக் கருதுவதுண்டு. இது இரண்டுமன்று. மருத்துவர்கள் இதனை டெலிரியம் என்பர். மறதிநோய் மாதக்கணக்கில் மெல்ல வளரும். டெலிரியமோ சில மணி நேரத்திலோ ஓரிரு நாள்களிலோ தோன்றி, ஒரே நாளில் கூடியும் குறைந்தும் காணப்படும்.

இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம் இருப்பதில்லை. முதிர்ந்த வயது, ஏற்கெனவே உள்ள மறதிநோய், பார்வை அல்லது செவித்திறன் குறைவு ஆகியவை மூளையின் தாங்குதிறனைக் குறைத்துவிடுகின்றன. அத்தகையோருக்குச் சிறு தூண்டுதலே போதுமானது. சிறுநீர்த் தொற்று, நிமோனியா, நீரிழப்பு, இரத்தத்தில் சோடியம் குறைதல், தணிக்கப்படாத வலி, தூக்கமின்மை ஆகியவை அடிக்கடி காணப்படும் தூண்டுதல்கள். பலரும் ஐயுறாத மலச்சிக்கலும் சிறுநீர் அடைப்பும் கூட இவ்வாறு குழப்பத்தை உண்டாக்கக்கூடும்.

மருந்துகளைத் தனியே கவனிக்க வேண்டும். தூக்க மாத்திரைகள், கடும் வலிநிவாரணிகள், சளிக்கும் அரிப்புக்கும் தரப்படும் சில பழைய மாத்திரைகள் முதியோரின் சிந்தனையைக் கலைக்கக்கூடியவை. வீட்டில் உட்கொண்ட எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். மதுப்பழக்கம் இருப்பின் கூச்சத்தால் மறைக்காதீர்கள். மதுவைத் திடீரென நிறுத்துவதாலும் கடுமையான குழப்பம் ஏற்படும். அதற்குரிய சிகிச்சை வேறு.

மருத்துவமனைச் சூழலுக்கும் இதில் பங்குண்டு. கைகால்களைக் கட்டிவைத்தல், ஊட்டக்குறைவு, புதிதாக மூன்றுக்கும் மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்தல், சிறுநீர்க் குழாய் பொருத்துதல் ஆகியவை டெலிரியத்துடன் தொடர்புடையவை என அமெரிக்காவில் 1996-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கு 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1999-இல் வெளியான மற்றோர் ஆய்வில், வழக்கமான பராமரிப்பு பெற்றோரில் 15 விழுக்காட்டினருக்கு டெலிரியம் ஏற்பட்டது. கூடுதல் கவனிப்பு பெற்றோரில் அது 9.9 விழுக்காடாக இருந்தது. அக்கவனிப்பு எளியதே: நாளையும் இடத்தையும் நினைவூட்டுதல், நடக்கச் செய்தல், கண்ணாடியும் காதுக்கருவியும் அணிவித்தல், நீர் அருந்தச் செய்தல், இரவில் உறக்கத்தைக் கலைக்காதிருத்தல். இவற்றுள் பலவற்றைக் குடும்பத்தினரும் செய்யலாம். நீர் அருந்தக் கட்டுப்பாடு உள்ளதா என்பதையும், எழுந்து நடக்கலாமா என்பதையும் மட்டும் முன்னதாகக் கேட்டறியுங்கள்.

கூச்சலிடும் நோயாளியை அனைவரும் கவனிப்பர். பேச்சைக் குறைத்து, உணவில் நாட்டமின்றி, எந்நேரமும் அயர்ந்து கிடப்பவரோ "ஓய்வெடுக்கிறார்" என விடப்படுகிறார். இதுவும் டெலிரியமே; எளிதில் தவறவிடப்படும் வகை. அவரது இயல்பை அறிந்தவர் நீங்களே. "நேற்று இப்படி இல்லை" என்று தோன்றினால், மறுநாள் மருத்துவர் வரும்வரை காத்திராமல் பணியிலுள்ள செவிலியரிடம் உடனே கூறுங்கள்.

காரணத்தைக் கண்டறிந்து சிகிச்சையளித்தால் பெரும்பாலோர் தெளிவடைகின்றனர். சிலருக்கு அதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகலாம். வீடு திரும்பிய பின்னும் குழப்பம் நீடித்தால் மீண்டும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.