நுரையீரலைத் தாங்கும் நார்: கொலாஜன் பற்றி நாம் அறிய வேண்டியவை

மல்லாங்கிணறு, காரியாபட்டி வட்டாரத்தில் கல்குவாரி, கிரஷர் வேலைக்குப் போகிறவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. மாதக்கணக்கில் வறட்டு இருமல், நாலு படி ஏறினால் மூச்சிரைப்பு என்றால், 'சளிதான்' என்று கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு இருந்துவிடுகிறோம். அது நுரையீரலில் விழுந்த தழும்பாகவும் இருக்கலாம். அந்தத் தழும்பின் மூலப்பொருள் கொலாஜன் என்ற புரதம்.

கொலாஜன் என்றால் என்ன?

தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றுக்கும் உறுதி தருவது இதுதான். ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் பதனிடுகிறார்களே, அந்தத் தோலில் பெரும்பகுதி கொலாஜன்தான். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிய கயிறு போன்றது இதன் அமைப்பு. இதை 1954-இல் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்.

நுரையீரலில் இதன் வேலை

நம் நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட நுண்ணிய காற்றறைகள் உள்ளன. மூச்சிழுக்கும்போது அவை விரிந்து சுருங்க உதவுவது எலாஸ்டின் என்ற இன்னொரு புரதம். அளவுக்கு மீறி விரிந்து கிழியாமல் பிடித்துக்கொள்வது கொலாஜன். கருவிலேயே இந்த நார்ச்சட்டம் உருவாகத் தொடங்குகிறது. ஆனால் காற்றறைகள் பெரும்பாலும் கர்ப்பத்தின் கடைசி வாரங்களிலும் பிறந்த பிறகுமே பெருகுகின்றன. குறைமாதக் குழந்தைகளுக்கு மூச்சுத் தொல்லை வருவதற்கு இது ஒரு காரணம்.

நோயாவது எப்படி?

கல் உடைக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசியில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காற்றறை வரை போய்விடும். அவற்றை விழுங்கும் பாதுகாப்பு செல்கள் அவற்றைச் செரிக்க முடியாமல் சாகின்றன. புண் ஆற வேண்டும் என்று உடல் மேலும் மேலும் கொலாஜனைக் கொட்டுகிறது. மெல்லிய சுவர் தடித்து இறுகிவிடுகிறது. இதுவே சிலிகோசிஸ். விழுந்த தழும்பை அழிக்க மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் அது வளரக்கூடும்.

காசநோயில் நடப்பது வேறு. அங்கே கொலாஜன் அரிக்கப்பட்டு நுரையீரலில் குழி விழுகிறது. சிலிகோசிஸ் உள்ளவரைக் காசநோய் எளிதில் பிடிக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

கொலாஜன் பவுடர் உதவுமா?

நாம் சாப்பிடும் கொலாஜன் வயிற்றில் செரித்து அமினோ அமிலங்களாகப் பிரிந்துவிடும். அப்படியே நுரையீரலுக்குப் போய்ச் சேராது. தழும்பைக் கரைக்கவும் செய்யாது. மேலும் அது மாடு, பன்றி, மீன் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்படுவதால், வாங்குவோர் ஹலால்தானா என்று பார்ப்பது அவசியம். உடல் தானே நல்ல கொலாஜன் செய்ய வைட்டமின் சி தேவை. நெல்லிக்காயும் கொய்யாவும் அதற்குப் போதும்.

நாம் செய்ய வேண்டியது

முகத்தில் துண்டு கட்டுவது நுண்தூசியைத் தடுக்காது. என்95 முகக்கவசம் வேண்டும். கல்லில் தண்ணீர் தெளித்து வேலை செய்யும்படி முதலாளியிடம் கேட்க வேண்டும். பீடி, சிகரெட்டை விட்டுவிட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துக்கொள்ளுங்கள். காசநோய்க்கு அங்கே சிகிச்சை இலவசம். மருத்துவரிடம் என்ன வேலை, எத்தனை வருடம் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் சிலிகோசிஸ் என்ற சந்தேகமே அவருக்கு வராமல் போகலாம்.