பீலித் தண்ணீரில் நைட்ரேட்: ஊவாத் தோட்டங்களின் ஆபத்தும் உரிமையும்

நைட்ரேட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, நாக்குக்கும் தெரியாது. பீலியில் கண்ணாடிபோல் விழும் தண்ணீரில் அது அளவுக்கு மீறி இருக்கலாம். கலங்கி ஓடும் ஓடையில் சிறிதும் இல்லாமல் போகலாம். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுல, ஹாலி-எல, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் லயத்துக்கு வரும் தண்ணீரில் பெரும்பங்கு மேட்டு ஊற்றிலிருந்து குழாய் போட்டு இறக்கியது. அந்த ஊற்றுக்கும் மேலே இருப்பது தேயிலை மலை. சில இடங்களில் மரக்கறிப் பாத்தி, சில இடங்களில் பழைய லயத்தின் மலக்குழி. மேலே மண்ணில் போடப்படுவது எதுவாயினும் அதில் கரையக்கூடிய பகுதி கீழே குடத்துக்கு வந்து சேர வழி இருக்கிறது.

தேயிலைக்குப் போடும் யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். ஈர மண்ணில் அது சில நாட்களில் அமோனியமாக மாறுகிறது. தேயிலை விரும்பி உறிஞ்சுவதும் அதைத்தான். செடி எடுக்காமல் விட்டதை மண் பக்டீரியாக்கள் நைட்ரேட்டாக்குகின்றன. களிமண் துகள்களின் மின்னேற்றம் எதிர்மறை. நைட்ரேட்டின் ஏற்றமும் அதுவே. ஆகவே மண் அதைப் பிடித்து வைப்பதில்லை, மழைநீருடன் அது அடிமண்ணுக்கு இறங்கி ஊற்றை அடைகிறது. பொஸ்பேட்டின் வழி வேறு. அது மண்ணோடு ஒட்டிக்கொண்டு, மண் அரிக்கப்படும்போது கானிலும் ஓடையிலும் போய்ச் சேரும். ஊற்றில் நைட்ரேட்டையும் ஓயாவில் பொஸ்பேட்டையும் தேட வேண்டியிருப்பது இதனால்தான்.

ஊவாவில் இதற்கொரு காலக்கணக்கும் உண்டு. ஆனி, ஆடி, ஆவணியில் வறண்ட காற்று வீசும்போது மண்ணில் நைட்ரேட் உருவாகித் தங்கிவிடுகிறது. ஐப்பசியில் கொட்டும் முதல் பெருமழை அதை ஒரேயடியாகக் கழுவி இறக்குகிறது. வெலிமடை, கெப்பட்டிபொல, ஊவா பரணகமப் பக்கம் உருளைக்கிழங்கு, கோவா, கரட், லீக்ஸ் பயிரிடும் நிலங்களில் நிலைமை இன்னும் கடினம். அங்கே இரசாயன உரத்தோடு கோழி எருவும் சேர்கிறது. ஒரு போகம் முடிந்த கையோடு அடுத்த போகம் தொடங்குகிறது. கோழி எருவில் நைட்ரஜன் மிகுதி, கரிமம் குறைவு. இயற்கை உரம் என்பதற்காக அது தண்ணீருக்குத் தீங்கற்றது ஆகிவிடாது. 2021இல் இரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டு அதே ஆண்டிலேயே அந்த முடிவு கைவிடப்பட்டபோது, தோட்டத் தொழிலாளரும் மரக்கறி விவசாயிகளும் பட்ட துன்பம் எல்லோரும் அறிந்தது. உரத்தை ஒழிப்பது இங்கே பேச்சல்ல. போட்ட உரம் செடிக்குப் போக வேண்டும், குழந்தையின் பால் போத்தலுக்குப் போகக் கூடாது என்பதே பேச்சு.

குடிநீருக்கான இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 614, ஒரு லீற்றரில் 50 மில்லிகிராம் வரை நைட்ரேட்டை அனுமதிக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவும் அதுவே. ஆய்வுகூட அறிக்கையைப் படிக்கும்போது ஓர் இடத்தில் கவனம் வேண்டும். சில அறிக்கைகள் ‘நைட்ரேட்’ என்றும், சில ‘நைட்ரேட் நைட்ரஜன்’ என்றும் குறிக்கும். இரண்டாவது அளவை ஏறக்குறைய 4.4ஆல் பெருக்கினால்தான் முதலாவது கிடைக்கும். ‘நைட்ரேட் நைட்ரஜன் 12’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, 50க்கு எவ்வளவோ குறைவு என்று நிம்மதியடைவது தவறு. அந்தத் தண்ணீரில் நைட்ரேட் 53 மில்லிகிராம், எல்லையைத் தாண்டிவிட்டது.

முதலில் பாதிக்கப்படுவது ஆறு மாதத்துக்கு உட்பட்ட, போத்தல் பால் குடிக்கும் குழந்தை. உடலுக்குள் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க முடியாத வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கும், குழந்தை சோர்ந்து மூச்சுத் திணறும். 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் கொம்லி என்ற மருத்துவர், கிணற்று நீரில் கரைத்த பால் குடித்த குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினார். வயிற்றோட்டம் இருக்கும் குழந்தைக்கு ஆபத்து இன்னும் கூடுதல். இந்த அறிகுறி கண்டால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மெதிலீன் நீலம் என்ற மருந்தால் இதைக் குணப்படுத்தலாம். தாய்ப்பாலில் இந்த ஆபத்து இல்லை. ஆனால் கொழுந்தெடுக்கப் போகும் தாய் காலையில் பிள்ளைமடுவத்தில் குழந்தையை விட்டுச் செல்கிறாள். அங்கே பால்மா கரைப்பது அங்குள்ள குழாய்த் தண்ணீரில்தான். ஒரு தோட்டத்தில் ஒரேயொரு இடத்துத் தண்ணீரைத்தான் சோதிக்க முடியும் என்றால், பிள்ளைமடுவத்துக் குழாயைச் சோதிப்பதே சரி.

தண்ணீரைக் கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும் என்பது பரவலான நம்பிக்கை. கிருமி சாகும், நைட்ரேட் போகாது, கூடும். லீற்றருக்கு 40 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள நீரை மூன்றில் ஒரு பங்கு வற்றும்வரை அடுப்பில் விட்டால் மிஞ்சுவதில் 60 இருக்கும். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கிவிடுவதே நல்லது. மண் வடிகட்டியும் கடையில் விற்கும் கரி வடிகட்டியும் நைட்ரேட்டைப் பிடிப்பதில்லை. சவ்வூடு வடிகட்டும் ஆர்.ஓ. இயந்திரம் பிடிக்கும், அதற்குப் பணமும் பராமரிப்பும் வேண்டும்.

இதற்கு இயற்கையிலேயே ஒரு வழி உண்டு. உப்புநீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்போர் அதை நன்கு அறிவர். மீன்கழிவால் நைட்ரேட்டும் பொஸ்பேட்டும் ஏறும்போது அவர்கள் தொட்டியில் சிறிது வினாகிரி, வொட்கா அல்லது சீனி சேர்க்கிறார்கள். அதிலுள்ள கரிமத்தை உண்டு பெருகும் பக்டீரியாக்கள், தம் உடலைக் கட்ட நைட்ரஜனையும் பொஸ்பரசையும் நீரிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. நுரை வடிக்கும் கருவி அந்தப் பக்டீரியாக்களை வெளியேற்றுகிறது. கடல் நுண்ணுயிர்களின் உடலில் கரிமம், நைட்ரஜன், பொஸ்பரஸ் அணுக்கள் சராசரி 106க்கு 16க்கு 1 என்ற விகிதத்தில் இருப்பதால், இந்த முறையில் நைட்ரேட் அதிகமாகவும் பொஸ்பேட் கொஞ்சமாகவும் குறையும். ஒட்சிசன் இல்லாத இடத்தில் வேறுவகைப் பக்டீரியாக்கள் நைட்ரேட்டிலுள்ள ஒட்சிசனைச் சுவாசித்து, நைட்ரஜனை வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. நகரக் கழிவுநீர் நிலையங்களில் மெதனோல் ஊற்றுவதும் இந்த வேலைக்காகத்தான்.

எனினும் குடிநீர் ஊற்றிலோ தாங்கியிலோ கிணற்றிலோ எவரும் சீனியோ வினாகிரியோ ஊற்றவே கூடாது. தொட்டிக்காரர் நாள்தோறும் அளந்து பார்க்கிறார். அளவு மீறினால் தண்ணீர் பால்போல் வெளுத்து, ஒட்சிசன் தீர்ந்து, மீன் சாகும். ஊற்றில் அப்படி அளக்க ஆளில்லை. வேலை பாதியில் நின்றால் நைட்ரேட் நைட்ரைட்டாகத் தங்கிவிடும். நைட்ரைட்டின் எல்லை லீற்றருக்கு 3 மில்லிகிராம் மட்டுமே. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கிருமிக்கும் அந்தச் சீனி தீனியாகும்.

கரிமம் சேர வேண்டிய இடம் ஊற்றுக்கு மேலே இருக்கும் மண். கவ்வாத்து வெட்டிய மலையில் விழும் கிளைகளை விறகுக்கு முழுதாக அள்ளாமல், இலையையும் மெல்லிய குச்சியையும் சாலிடையே பரப்பிவிட்டால் அது மழையின் அடியைத் தாங்குகிறது, மண்ணில் கரிமத்தைச் சேர்க்கிறது. ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 பங்குக்கு மேல் கரிமம் உள்ள வைக்கோல், மரத்தூள் போன்றவை மட்கும்போது, பக்டீரியாக்கள் மண்ணின் நைட்ரேட்டைத் தமக்கென இழுத்துவைத்துப் பின்னர் மெல்ல விடுகின்றன. கோழி எருவைத் தனியே கொட்டாமல் வைக்கோலுடன் சேர்த்து மட்கவைத்துப் போடச் சொல்வதும் இதனால்தான். விறகுக்கு வேறு வழியில்லாத குடும்பத்திடம் கிளையைத் தொடாதே என்று சொல்வது நியாயமல்ல. தடித்த கிளை அடுப்புக்கும் மீதி மண்ணுக்கும் என்று பிரிப்பதில் எவருக்கும் நட்டமில்லை.

மரக்கறி நிலத்துக் கான் ஓடையில் சேரும் இடத்தில் இன்னொன்று செய்யலாம். பள்ளம் வெட்டி மரச்சிராய் நிரப்பி, கான் தண்ணீரை அதனூடாகச் சில மணிநேரம் மெதுவாகச் செல்லவிட வேண்டும். அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களிலும் நியூசிலாந்திலும் இப்பள்ளங்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து நைட்ரேட்டைக் குறைத்துவருகின்றன. குளிர் கூடினால் பக்டீரியா மந்தமாகும் என்பதால், சுமார் 1,400 மீற்றர் உயரத்து அப்புத்தளையில் வெட்டும் பள்ளம், 700 மீற்றருக்கும் தாழ்ந்த பதுளையில் வெட்டுவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். முதற் சில வாரங்களில் பழுப்பு நிறச் சாறு இறங்கும். ஆகவே பீலிக்கு மேலே இதை அமைக்கக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால், பெருமழைக்கு முந்திய நாட்களில் உரம் போடாதிருப்பதும், ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுவதும், ஊற்றைச் சுற்றி உரம் படாத மரவேலி விடுவதும் செலவு குறைந்த வழிகள். தேயிலைக்கு எவ்வளவு, எப்போது என்பதைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் பசறை நிலையத்தில் கேட்டறியலாம்.

இவற்றைச் செய்யும்படி கேட்க மக்களுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குச் சேவை செய்யச் சபைகளுக்குத் தடையாக இருந்தது. லயத்துத் தண்ணீர் கம்பெனியின் கருணையில் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். 2018இல் சட்டம் திருத்தப்பட்டது; தோட்டத்துக்குச் செலவழிக்க அதிகாரமில்லை என்ற பதிலை இனி எந்தப் பிரதேச சபையும் சொல்ல முடியாது. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் உள்நாட்டு நீர்நிலைகளை மாசுபடுத்துவதைத் தடைசெய்கிறது. முறைப்பாடு மத்திய சுற்றாடல் அதிகார சபைக்குப் போக வேண்டும். மலக்குழியோ எருக்குவியலோ ஊற்றைக் கெடுப்பது கண்கூடாகத் தெரிந்தால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி அதைப் பொதுத் தொல்லையென அகற்ற நீதவான் கட்டளையிடலாம்.

முறைப்பாட்டுக்கு முன் சான்று வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் எழுத்தில் கேட்டுத் தண்ணீரைச் சோதிக்கச் செய்யலாம். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திலும் கட்டணத்துக்குச் சோதிப்பார்கள். கோடையில் ஒரு தடவையும் ஐப்பசி மழை தொடங்கியதும் ஒரு தடவையும் எடுப்பது நல்லது. நைட்ரேட்டோடு ஈ-கோலை கிருமியையும் பார்க்கச் சொல்ல வேண்டும்: இரண்டும் மிகுந்தால் மலக்குழிமீது சந்தேகம் வலுக்கும், நைட்ரேட் மட்டும் மிகுந்தால் உரத்தின் மீது. ஏற்கெனவே செய்த சோதனையின் முடிவை ஓர் அரச நிறுவனம் வைத்திருந்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்; உயிரைப் பற்றிய தகவலாயின் 48 மணிநேரத்துக்குள் பதில் தர வேண்டும். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது.

முடிவு எல்லையைத் தாண்டினால் மாற்றுத் தண்ணீரை உடனே கேட்க வேண்டும். உமா ஓயாச் சுரங்கத்தில் நீர் கசிந்து பண்டாரவளைப் பகுதிக் கிணறுகள் வற்றியபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள், பவுசரில் தண்ணீர் வந்தது. கைக்குழந்தை உள்ள வீடுகளுக்கும் பிள்ளைமடுவத்துக்குமாவது அப்படிக் கொடுக்க முடியாது என்று எந்த நிர்வாகமும் சொல்வதில் நியாயமில்லை.

யாரும் அசையாவிட்டால் உயர் நீதிமன்றம் இருக்கிறது. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரல் 4ஆம் திகதி அந்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்து, மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தக் கட்டளையிட்டது. ஆனால் அடிப்படை உரிமை மனுவை உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. ஆகையால் ஆய்வுகூட அறிக்கை கைக்கு வந்த தேதியைக் குறித்துவைத்து, அந்த வாரத்திலேயே முறைப்பாட்டை எழுதிக் கொடுத்து, கிடைத்ததற்கான கையொப்பத்தைப் பிரதியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.