விண்வெளியில் ஒரு சுரங்க வேலை

நம் சங்க மலரில் எழுதும் அன்பர்கள் பெரும்பாலும் திருக்குறளைப் பற்றி எழுதுவார்கள். இல்லையென்றால் நம் முன்னோர் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் மூட்டை கட்டிக்கொண்டு கோலார் தங்க வயலுக்கு வந்து சேர்ந்த கதையை எழுதுவார்கள். நான் எழுத வந்திருப்பது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி. ரயில்வேயில் சிக்னல் பிரிவில் பணியாற்றி 2020-இல் ஓய்வு பெற்ற டிப்ளமாக்காரன் நான். 65 வயதில் இதென்ன பித்து என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். ஆனால் சங்கக் கூட்டத்துக்கு வரும் தாய்மார்கள் பலர், "பையன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து யார் யாரோடவோ இங்கிலீஷ்ல பேசிக்கிட்டிருக்கான், என்னன்னே தெரியலை" என்று அங்கலாய்ப்பதைக் கேட்கிறேன். அது என்னவென்று உள்ளே போய்ப் பார்த்து வந்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நான் ஆடுவது ஈவ் ஆன்லைன் என்ற விளையாட்டு. ஐஸ்லாந்து நாட்டின் தலைநகர் ரெய்க்யாவிக்கில் உள்ள சி.சி.பி. என்ற நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்டது. கொரோனா ஊரடங்கின்போது என் தங்கை மகன் பெங்களூரிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். ஒருநாள், "மாமா, சும்மா செய்தியே பார்த்துக்கிட்டிருக்கீங்களே, இதுல மைனிங் வேலை இருக்கு, செய்றீங்களா?" என்றான். மைனிங் என்ற சொல்லைக் கேட்டுவிட்டு எங்கள் ஊர்க்காரன் திரும்பிப் பார்க்காமல் இருப்பானா?

முதலில் விளையாட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். 7,000-க்கும் மேற்பட்ட நட்சத்திர மண்டலங்கள் கொண்ட ஒரு கற்பனை வான்வெளி. உலகம் முழுவதிலுமிருந்து ஆடுகிறவர்கள் ஒரே வான்வெளியில்தான் இருக்கிறார்கள். சீன நாட்டுக்கு மட்டும் தனி ஏற்பாடு. ஒரு மண்டலத்திலிருந்து அடுத்த மண்டலத்துக்குப் போக வாயில்கள் உண்டு. நம் ரயில் பாதை போலத்தான். எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் நேராகப் போய்விட முடியாது, பங்காருப்பேட்டையில் இறங்கி மாற வேண்டும், ஜோலார்பேட்டையில் மாற வேண்டும். ஈவில் ஜோலார்பேட்டை மாதிரி ஒரு ஜங்ஷன் இருக்கிறது. பெயர் ஜீட்டா. சந்தை முழுவதும் அங்கேதான். எந்நேரமும் கப்பல்கள் மொய்த்துக்கொண்டிருக்கும்.

இந்த மண்டலங்களுக்குப் பாதுகாப்பு மதிப்பெண் உண்டு. 0.5-க்கு மேல் இருந்தால் போலீஸ் இருக்கும். அதற்குக் கீழே இறங்க இறங்கக் கேட்பார் இல்லை. விலையுயர்ந்த தாதுக்கள் எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கேட்பார் இல்லாத இடத்தில்தான். போலீஸ் காவல் உள்ள இடத்தில் கிடைப்பது வெல்ட்ஸ்பார் போன்ற மலிவுத் தாது. ஆர்க்கனார், பிஸ்டாட் என்று உயர்ந்த சரக்குகள் எல்லாம் உயிரைப் பணயம் வைத்தால்தான் கிடைக்கும். இதை வடிவமைத்தவருக்குச் சுரங்கத் தொழிலின் இயல்பு தெரிந்திருக்கிறது.

நம் ஊரிலும் அதேதானே நடந்தது? 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தபோது மேல்மட்டத்துப் பாறையில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் இருந்தது. கடைசிக் காலத்தில் அது 3 கிராம் அளவுக்கு வந்துவிட்டது. அந்த 3 கிராமுக்காக சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். காற்றைக் குளிரவைத்து உள்ளே அனுப்பாவிட்டால் மனிதன் நிற்க முடியாது. என் தந்தையார் அங்கே டிம்பர்மேன், அதாவது தோண்டிய இடம் சரியாமல் மரம் கொடுத்துத் தாங்க வைக்கும் வேலை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் அரைமணி நேரம் யாரோடும் பேசமாட்டார். திண்ணையில் உட்கார்ந்து நீராகாரம் குடிப்பார்.

ஈவில் சுரங்க வேலை எப்படி என்றால், விண்ணில் மிதக்கும் பாறைகளுக்கு அருகே கப்பலை நிறுத்தி லேசர் கதிரைப் பாய்ச்ச வேண்டும். கதிர் ஒவ்வொரு சுற்று முடியும்போதும் கொஞ்சம் தாது நம் கப்பலின் அறைக்கு வந்து சேரும். அறை நிறைந்ததும் நிலையத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். தாதுவை உருக்கிப் பிரித்தால் உலோகம். அதிலும் திறமைக்கு ஏற்பச் சேதாரம் உண்டு. அந்த உலோகத்தை வாங்கிக் கப்பல் கட்டுகிறவர்கள் வேறு ஆட்டக்காரர்கள். அதைச் சந்தையில் வாங்குகிறவர்களும் ஆட்டக்காரர்களே. இப்படி ஏறக்குறைய எல்லாப் பொருளும் யாரோ ஒருவரின் உழைப்பில் உண்டாவதால் விலைவாசி தானாக ஏறும், இறங்கும். இதைக் கவனிப்பதற்கென்றே அந்த நிறுவனம் 2007-இல் ஒரு பொருளாதார அறிஞரை வேலைக்கு அமர்த்தியது. அவர் பிற்பாடு ஐஸ்லாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

ஒரு ரயில்வேக்காரனாக என்னை மிகவும் கவர்ந்தது வேறு ஒன்று. ஆயிரக்கணக்கான பேர் ஒரே மண்டலத்தில் கூடிச் சண்டை போடும்போது கம்ப்யூட்டரால் கணக்குப் போட்டு மாளாது. அப்போது அந்த இடத்தில் மட்டும் காலத்தையே மெதுவாக்கிவிடுகிறார்கள், பத்தில் ஒரு பங்கு வேகம் வரைக்கும். நெரிசலான பாதையில் காஷன் ஆர்டர் கொடுத்து எல்லா வண்டிகளையும் ஒரே சீராக ஊர்ந்து வரச் சொல்வோமே, அதே தத்துவம். விபத்தைவிடத் தாமதம் மேல். 2014 ஜனவரியில் பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்தில் அப்படி ஒரு போர் 21 மணி நேரம் நடந்தது. அந்த இடத்தைத் தம் வசம் வைத்திருக்கக் கட்ட வேண்டிய கட்டணம் ஒன்று கட்டப்படாமல் போனதுதான் காரணம். டைட்டன் என்னும் மாபெரும் கப்பல்கள் 75 அழிந்தன. அழிந்தவற்றின் மதிப்பை அசல் பணத்தில் கணக்கிட்டால் 3 லட்சம் டாலருக்கு மேல் என்றார்கள். எங்கேயோ ஒரு குமாஸ்தா வேலை தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல பாடம். ரயில்வேயிலும் அப்படித்தான்.

என் அனுபவத்துக்கு வருகிறேன். ஆறு மாதம் சேர்த்த காசில் ரெட்ரீவர் என்ற சுரங்கக் கப்பலை வாங்கினேன். போலீஸ் காவல் உள்ள மண்டலத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் இரவு 3 சிறு கப்பல்கள் திடீரென்று வந்து சுட்டன. சில வினாடிகளில் போலீஸ் வந்து அந்த மூவரையும் அழித்தது. ஆனால் அதற்குள் என் கப்பல் போய்விட்டது. சுட்டவர்களின் கப்பல்கள் மலிவானவை, என்னுடையது விலை அதிகம். அவர்களுக்குக் கணக்குக் கட்டுபடியாகிறது. விளையாட்டின் சட்டத்தில் இது குற்றமில்லை, ஒரு தொழில். கப்பலுக்கு இன்ஷூரன்ஸ் இருந்ததால் ஒரு பங்கு வந்தது. சரக்குக்கு ஒன்றும் வரவில்லை.

கப்பல் உடைந்தால் ஆட்டக்காரன் சாவதில்லை. உயிர்க்கூடு ஒன்றில் தப்பிக்கலாம். அதையும் சுட்டுவிட்டால் வேறொரு நிலையத்தில் புது உடம்பில் கண் விழிப்பான். முதல்முறை அப்படிக் கண் விழித்தபோது நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் லைனில் ஏர் பிளாஸ்ட் என்று சொல்வார்கள். தோண்டி எடுத்த வெற்றிடத்தைச் சுற்றியுள்ள பாறை மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கிக்கொண்டே இருந்து, ஒரு கட்டத்தில் வெடி வைத்ததுபோலத் தெறிக்கும். ராபர்ட்சன்பேட்டை வீடுகளில் பாத்திரம் உருளும். அந்த நேரத்தில் யார் வீட்டு ஆள் ஷிஃப்டில் இருக்கிறார் என்று பெண்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். ஷாப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். என் தந்தையாரோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் அப்படி ஒருநாள் மேலே வரவில்லை. அவருக்கு இன்னொரு உடம்பு எந்த நிலையத்திலும் வைக்கப்பட்டிருக்கவில்லை. ரெய்க்யாவிக் துறைமுகத்தில் 2014-இல் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பி, அப்போது ஈவ் ஆடிக்கொண்டிருந்தவர்களின் ஆட்டப் பெயர்களையெல்லாம் அதில் பொறித்திருக்கிறார்கள். நல்ல காரியம்தான். சுரங்கத்துக்குள் போனவர்களின் பெயர்களை அப்படி வரிசையாகப் பொறித்த கல்லை எங்கள் லைன் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

தனியாக ஆடினால் தாக்குப்பிடிக்க முடியாது என்று தெரிந்த பிறகு ஒரு குழுவில் சேர்ந்தேன். அங்கே அதைக் கார்ப்பரேஷன் என்பார்கள். எங்கள் குழுவில் போலந்து நாட்டு எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். அவருடைய தகப்பனார் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எங்கள் ஊர்ச் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் என்றேன். அவர் நம்பவில்லை. ஏதோ விளையாட்டுக் கணக்கு என்று நினைத்துக்கொண்டார். சாம்பியன் ரீஃப் என்று பெயரைச் சொன்னேன். மறுநாள் தேடிப் பார்த்துவிட்டு வந்து, "உங்கள் அப்பா அங்கேயா வேலை செய்தார்?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு நாங்கள் பாறையை உடைத்துக்கொண்டே பேசியதெல்லாம் நுரையீரலைப் பற்றியும் தூசியைப் பற்றியும்தான். கே.ஜி.எஃப். என்றாலே சினிமா என்று நினைக்கிற இந்தக் காலத்தில், எங்கோ போலந்தில் ஒருவர் அதைச் சுரங்கமாக அறிந்திருப்பதில் எனக்கு ஒரு திருப்தி.

அவரிடம் இன்னொன்றும் சொன்னேன். நம் சங்கப் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன். வான்வெளி ஆராய்ச்சி என்றால் மேலே பார்ப்பது என்று நினைக்கிறோம். எங்கள் ஊரில் கீழே இறங்கிப் பார்த்தார்கள். விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்று மண்டலத்தில் மோதும்போது நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் உண்டாகின்றன. மற்றத் துகள்களையெல்லாம் பாறை வடிகட்டிவிடும், நியூட்ரினோ மட்டும் பூமியையே துளைத்துக்கொண்டு போகும். ஆகவே ஆழத்தில் கருவியை வைத்தால் அதை அடையாளம் காணலாம். பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து சாம்பியன் ரீஃபில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் 1965-இல் அதைச் செய்தார்கள். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் இன்னொரு குழுவும் கண்டது. அதுவும் தங்கச் சுரங்கத்தில்தான்.

ஈவிலும் இப்படி ஒரு அறிவியல் பணி உண்டு. பாறை உடையும்வரை சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் விஞ்ஞானிகளின் படங்களை ஆட்டக்காரர்கள் வகைப்படுத்தித் தரலாம். 2017-இல் வேற்று நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களைத் தேடும் தரவுகளைக் கொடுத்தார்கள். கிரகம் குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் ஒளி சற்றே மங்கும். அந்த மங்கலைக் கண்ணால் தேட வேண்டும். 2020-இல் நான் சேர்ந்தபோது கொரோனா ஆராய்ச்சிக்காக இரத்த அணுக்களின் தரவு வந்தது. திரையில் புள்ளிகள் திரள் திரளாக இருக்கும், ஒவ்வொரு திரளையும் சுற்றிக் கோடு போட வேண்டும். வெளியே ஊர் அடங்கிக் கிடந்த அந்த நாட்களில் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

இனிப் பெற்றோர்களுக்கு. இந்த விளையாட்டை 2016 முதல் இலவசமாகவே ஆடலாம், ஆனால் ஓரளவுக்கு மேல் திறமை வளராது. பிளெக்ஸ் என்று ஒன்றை அசல் பணம் கொடுத்து வாங்கி விளையாட்டுக்குள் விற்கலாம். பணம் உள்ளே போகும் வழி அது. வெளியே எடுக்கும் வழி கிடையாது, எடுத்தால் கணக்கை மூடிவிடுவார்கள். ஆகவே பையன் "இதுல சம்பாதிக்கலாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். கிரெடிட் கார்டு எண்ணைக் கம்ப்யூட்டரில் பதிந்து வைக்காதீர்கள். ஜீட்டாவில் ஓயாமல் ஒரு அறிவிப்பு ஓடும், பணம் அனுப்பினால் இரட்டிப்பாகத் திருப்பித் தருகிறேன் என்று. சீட்டுக் கம்பெனிகளைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பிள்ளைகள் அங்கே போலிப் பணத்தில் ஒருமுறை ஏமாந்து தெரிந்துகொள்வது நல்லது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

விடியற்காலை மாரிக்குப்பம் வண்டியைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டு இரவு திரும்பும் நம் பையன்களுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பீர்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடிய பிறகு அந்த வண்டிதானே நமக்கு ஷிஃப்ட் சங்கு. ஈவில் திறமை வளர்வது நாம் ஆடாதபோதும் நடக்கும். வரிசையில் போட்டுவிட்டு வண்டியேறினால், சாயந்திரம் வரும்போது படித்து முடித்திருக்கும். அதனால் தினமும் உட்கார வேண்டும் என்பதில்லை. சண்டைக்கு மட்டும்தான் ஐரோப்பியர் நேரத்தில் விழிக்க வேண்டியிருக்கிறது. இரவு 2 மணிக்கு விளக்கு எரிந்தால் பையன் சுரங்க வேலையில் இல்லை, சண்டையில் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ளுங்கள். அதைத் தாராளமாகக் கண்டிக்கலாம்.

தினமும் கிரீன்விச் நேரம் பகல் 11 மணிக்கு, அதாவது நமக்கு மாலை 4:30-க்கு, பராமரிப்புக்காகச் சில நிமிடங்கள் எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். திரும்பத் திறக்கும்போது நேற்று வெட்டித் தீர்த்த பாறைகளெல்லாம் மறுபடி முளைத்திருக்கும். 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்துவிட்டு சயனைடு மேடுகளோடு நிற்கும் ஊரில் இருந்துகொண்டு, அதை ஒவ்வொரு நாளும் பார்க்க எனக்குச் சற்றுப் பொறாமையாகத்தான் இருக்கிறது. உங்கள் வீட்டில் ஈவ் ஆடும் பிள்ளை இருந்தால், ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்கு அனுப்பத் தகுந்த நேரம் அந்த 4:30 மணிதான். அப்போது முணுமுணுக்காமல் எழுந்து போவான்.